அடர்த்திக் கணக்குப் பிழைத்தால்: பிழையான விடையை வைத்தே கோளாறைப் பிடிப்பது

அடர்த்திப் பாடம் நடக்கிற இரண்டு கிழமையும் எனது மாலை வகுப்பில் அழிறப்பருக்கு இடமில்லை. பிள்ளை பிழையான விடை எழுதினால் அதை அழிக்க விடமாட்டேன். அருகில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அப்படியே என்னிடம் கொண்டு வரவேண்டும். 0.0027 என்று வந்தால் ஒரு கோளாறு, 0.37 என்று வந்தால் வேறொரு கோளாறு, மிகச் சரியாக 1 என்று வந்தால் இன்னொன்று. பிள்ளை எந்த இடத்தில் தடக்கியது என்பதை அந்த எண்ணே சொல்லும். அழித்துவிட்டால் தடயம் போய்விடும், பிள்ளை அதே பிழையை அடுத்த கணக்கிலும் செய்யும்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். பாண்டிருப்பு, கல்முனையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வருடம் மாறும், முகங்கள் மாறும், பிழைகள் மட்டும் அதே ஏழெட்டுத்தான். அவற்றைக் குறி குறியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் கொப்பியில் எந்தக் குறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள். செலவில்லாத, ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனைகளை ஒவ்வொன்றிலும் முதலில் வைத்திருக்கிறேன்.

## எந்தக் குறியானாலும் முதலில் கேட்க வேண்டியது

"மனே, அது தாண்டு போச்சா, மிதந்துதா?"

கணக்கைத் திரும்பப் பார்க்க முன்னர் இதைக் கேளுங்கள். அடர்த்தி என்பது திணிவைக் கனவளவால் வகுத்து வருவது. நீரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம். நீரில் தாழ்ந்த பொருளுக்கு விடை 1ஐ விடக் கூட இருக்க வேண்டும், மிதந்ததற்குக் குறைய இருக்க வேண்டும். முகவையில் கண்ணால் கண்டதும் கொப்பியில் எழுதியதும் ஒத்துவராவிட்டால், நீர் பொய் சொல்லாது, கொப்பியில்தான் பிழை.

கூடவே சில பெறுமானங்களை மனதில் வைத்திருந்தால் பாதி வேலை முடியும். கன சென்ரிமீற்றருக்குக் கிராமில் சொன்னால்: மண்ணெண்ணெய் ஏறத்தாழ 0.8, மெழுகு 0.9, தேங்காயெண்ணெய் 0.92, கடல்நீர் 1.025, கண்ணாடி 2.5, சாதாரண கருங்கல் 2.6 முதல் 2.7 வரை, அலுமினியம் 2.7, இரும்பு 7.8 அளவில், செம்பு ஏறத்தாழ 9, ஈயம் 11.3, தங்கம் 19.3.

## குறி: இலக்கங்கள் சரி, பூச்சியங்கள் பிழை

திணிவு 54 கிராம், கனவளவு 20 கன சென்ரிமீற்றர் உள்ள ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். சரியான விடை கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம். கன மீற்றரில் கேட்டால் 2,700 கிலோகிராம். பிள்ளையின் விடையில் 2உம் 7உம் இருக்கின்றன, ஆனால் புள்ளி எங்கேயோ நிற்கிறது என்றால் அலகு மாற்றியதில்தான் சிக்கல்.

கன மீற்றருக்கு 2,700,000 என்று வந்தால்: கனவளவைச் சரியாக மாற்றிவிட்டு, கிராமைக் கிலோகிராமாக்க மறந்திருக்கிறது. ஆயிரத்தால் வகுத்தால் சரி.

கன மீற்றருக்கு 2.7 கிலோகிராம் என்று வந்தால்: ஒன்றையுமே மாற்றாமல் அலகை மட்டும் மாற்றி எழுதியிருக்கும், அல்லது கனவளவை ஆயிரத்தால் வகுத்து லீற்றரில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். கொப்பியில் 0.02 என்று ஓர் எண் இருந்தால் இரண்டாவதுதான்.

0.0027 என்று வந்தால்: திணிவை மாற்றியாயிற்று, கனவளவைத் தொடவே இல்லை.

0.27 என்று வந்தால்: கன சென்ரிமீற்றரை நூறால் வகுத்திருக்கிறது. எனது வகுப்பில் ஆகக் கூடுதலாக வருகிற பிழை இதுதான். "ஒரு மீற்றருக்கு நூறு சென்ரிமீற்றர்தானே ரீச்சர்" என்று பிள்ளை கேட்கும்போது அது சொல்வதில் பிழையே இல்லை. நீளத்துக்கு அது சரி. கனவளவுக்கு மூன்று பக்கம் இருக்கிறது.

இதை வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த கிழமையே மறந்துவிடும். நான் நிலத்தில் சோக்கட்டியால் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் கீறுவேன். ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரக் கட்டியை ஓர் ஓரத்தில் வைத்து, "இந்த வரிசையில் எத்தனை அடுக்கலாம்?" என்று கேட்பேன். நூறு. அப்படி எத்தனை வரிசை? நூறு. நிலம் நிரம்பவே பத்தாயிரம் ஆகிவிட்டது. இனி மேலே எத்தனை தட்டு? நூறு. மொத்தம் பத்து லட்சம். பிள்ளை தானே எண்ணிக் கண்டுபிடித்த பத்து லட்சத்தை மறக்காது.

அப்புறம் ஒரு சோதனை. அநேக வீடுகளில் மேலே தூக்கி வைத்திருக்கிற ஆயிரம் லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி இருக்கிறதே, அது கொள்வது சரியாக ஒரு கன மீற்றர். நிறைந்திருந்தால் உள்ளே ஏறத்தாழ ஆயிரம் கிலோ தண்ணீர். கன மீற்றருக்கு 0.27 கிலோகிராம் என்று எழுதிய பிள்ளையிடம், "அந்தத் தாங்கி அளவுக்கு ஒரே கல்லாக இருந்தால் அது கால் கிலோதானா? ஒரு பருப்புப் பக்கற்றுக்கே அவ்வளவு வருமே" என்று கேளுங்கள். பிள்ளை உடனே கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

பரீட்சைக்குப் பாதுகாப்பான வழி: முழுக் கணக்கையும் கிராமிலும் கன சென்ரிமீற்றரிலும் செய்து முடியுங்கள். கடைசியில் ஆயிரத்தால் பெருக்கினால் கன மீற்றருக்கான கிலோகிராம் வந்துவிடும்.

## குறி: பொருள் தாழ்ந்தது, விடையோ 1ஐ விடக் குறைய

அதே கல்தான். விடை 0.37 என்றால் தலைகீழாக வகுத்திருக்கிறது, 54ஐ 20ஆல் வகுக்காமல் 20ஐ 54ஆல். திணிவு, அடர்த்தி, கனவளவு மூன்றையும் ஒரு முக்கோணத்துக்குள் எழுதி மனப்பாடம் செய்கிற பிள்ளைகளிடம் இது அதிகம். முக்கோணத்தில் எது மேலே எது கீழே என்று மாறினால் எல்லாமே மாறிவிடும். நான் முக்கோணத்தைத் தவிர்க்கிறேன். "இந்தக் கல்லை ஒரு சென்ரிமீற்றர்க் கட்டிகளாக வெட்டினால் ஒரு கட்டிக்கு எத்தனை கிராம் வரும்?" என்று கேட்பேன். 54 கிராமை 20 கட்டிகளுக்குப் பங்கிட வேண்டும் என்று பிள்ளைக்குத் தானாகத் தெரியும்.

விடை 0.77 என்றால் வகுத்தது சரி, வகுத்த எண் பிழை. அளவுச்சாடியில் முதலில் 50 மில்லிலீற்றரில் நின்ற நீர் கல்லைப் போட்டதும் 70க்கு ஏறியது (ஒரு மில்லிலீற்றர் என்பது ஒரு கன சென்ரிமீற்றர்தான்). பிள்ளை 20க்குப் பதிலாக 70ஐயே கல்லின் கனவளவாக எடுத்திருக்கிறது. கொப்பியில் இரண்டு வாசிப்புகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

உருளை வடிவப் பொருளில் இன்னொன்று வரும். 10 சென்ரிமீற்றர் நீளம், 1 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் கோல் ஒன்றின் திணிவு 61 கிராம் அளவில் இருக்கும். ஆரை அரைச் சென்ரிமீற்றர், கனவளவு 7.86, அடர்த்தி 7.8. விட்டத்தையே ஆரையாக எடுத்தால் கனவளவு நான்கு மடங்காகி விடை 1.95க்கு இறங்கிவிடும். விடை இருக்க வேண்டியதில் கால்வாசிதான் என்றால் விட்டமும் ஆரையும் மாறியிருக்கின்றன. பெட்டி வடிவப் பொருளில் ஒரு பக்கத்தை மில்லிமீற்றரிலும் மற்றவற்றைச் சென்ரிமீற்றரிலும் எடுத்திருந்தால் பத்து மடங்கு வித்தியாசம் காட்டும்.

## குறி: மிதக்கிற பொருள் எதைப் போட்டாலும் விடை சரியாக 1

இந்தக் குறியை நான் விரும்பிக் காத்திருப்பேன். மற்றப் பிழைகளைத் திருத்தினால் போதும், இதை நிறுத்தி நின்று பார்க்க வேண்டும்.

ஒரு நாள் மெழுகுதிரித் துண்டொன்றைக் கொடுத்தேன். திணிவு 27 கிராம். ஒரு பெண்பிள்ளை அதை அளவுச்சாடிக்குள் போட்டாள். நீர் 50இலிருந்து 77க்கு ஏறியது. 27ஐ 27ஆல் வகுத்தாள், விடை 1. பக்கத்தில் இருந்தவன் மரத்துண்டு வைத்திருந்தான், அவனுக்கும் 1. பின்னால் ஒருவனிடம் வலைக்குக் கட்டுகிற மிதப்பு, அவனுக்கும் 1. மூவருக்கும் பெரிய சந்தோசம், விடை முழு எண்ணாக வந்துவிட்டதே!

"மகள், மெழுகும் மரமும் மிதப்பும் ஒரே அடர்த்தியா?"

அவள் சாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரீச்சர், மேல கொஞ்சம் வெளியில நிக்குது" என்றாள். அதுதான் முழு விசயமும். மிதக்கிற பொருளின் ஒரு பகுதி நீருக்கு மேலே நிற்கிறது. சாடி அளப்பது நீருக்குள் இருக்கிற பகுதியை மட்டும்தான். மிதக்கிற எந்தப் பொருளும் தன் திணிவுக்குச் சமமான திணிவுள்ள நீரைத்தான் இடம்பெயர்க்கும். 27 கிராம் பொருள் 27 கிராம் நீரைத் தள்ளும், அந்த நீரின் கனவளவு 27 கன சென்ரிமீற்றர். ஆகவே என்ன போட்டாலும் 1தான் வரும். அளந்தது மெழுகின் அடர்த்தியை அல்ல, நீரின் அடர்த்தியை.

### செலவில்லாத வழி

மெல்லிய ஊசி அல்லது குண்டூசியால் பொருளை நீருக்குள் முழுதாக அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். அவள் அப்படிச் செய்தபோது நீர் 80க்கு ஏறியது. கனவளவு 30, அடர்த்தி 0.9. விரலால் அமிழ்த்த வேண்டாம், விரலின் கனவளவும் சேர்ந்துவிடும்.

### ஊசி சரிவராவிட்டால்

மூழ்கி ஒன்றைக் கட்டுங்கள், அதாவது பொருளை நீருக்குள் இழுத்து வைக்கிற ஒரு பாரம். கடைகளில் தேட வேண்டியதில்லை. வாவிக் கரை ஊர்களில் வீச்சுவலை இல்லாத வீடு குறைவு, அதன் ஈயக்குண்டில் இரண்டு போதும். முதலில் ஈயத்தை மட்டும் நீருக்குள் விட்டு வாசியுங்கள். நீர் 50இலிருந்து 60க்கு வந்தது என்று வைப்போம். பிறகு ஈயத்தோடு மெழுகைக் கட்டி இறக்குங்கள், 90க்கு ஏறும். மெழுகின் கனவளவு 90இலிருந்து 60ஐக் கழித்து வருகிற 30.

இங்கே ஒரு கிளைப் பிழை இருக்கிறது. பழக்க தோசத்தில் பிள்ளை 50ஐக் கழித்துவிடும். கனவளவு 40 ஆகி அடர்த்தி 0.68 என்று வரும். மெழுகுக்கு 0.7ஐ ஒட்டி விடை வந்தால் ஈயத்தைக் கழிக்க மறந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் ஈயத்தின் திணிவு கணக்குக்குள் வருவதேயில்லை, அதை நிறுக்க வேண்டாம்.

## குறி: ஒரே கல், அளக்க அளக்க வேறு விடை

ஐந்து பிள்ளைகள் ஒரே கல்லை அளந்து ஐந்து விடை சொன்னால் கல்லைத் திட்டுவதில் பயனில்லை.

கண் எங்கே இருந்தது? சாடியின் முன்பக்கத்தில் அளவுக்கோடுகள் இருக்க, மேலே நின்று குனிந்து பார்த்தால் வாசிப்புக் கூடும், கீழிருந்து பார்த்தால் குறையும். இடமாறு வழு என்று பாடத்தில் படித்திருப்பார்கள். இரண்டு வாசிப்பையும் ஒரே நிலையில் எடுத்தால் வழுவில் பெரும்பகுதி கழிந்து போய்விடும். முதல் வாசிப்பை நின்றபடியும், கல் போட்ட பிறகு ஆர்வத்தில் குந்தியிருந்தபடியும் எடுக்கிறபோதுதான் விடை ஆடும். நீரின் மேற்பரப்பு வளைந்திருக்கும், அந்தப் பிறையுருவின் அடிப்பகுதியைத்தான் வாசிக்க வேண்டும். சாடியைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் மேசையில் வைத்துக் கண்ணைத் தாழ்த்துங்கள்.

பொருள் சாடிக்குச் சிறிதா? ஒரு கோடு ஒரு மில்லிலீற்றர் காட்டுகிற சாடியில் ஒற்றை ஆணியைப் போட்டால் நீர் அசைந்ததா இல்லையா என்பதே சந்தேகம். கிட்டத்தட்ட அரை மில்லிலீற்றர் ஏறியதைப் பிள்ளை 1 என்று வாசித்தால் இரும்பின் அடர்த்தி பாதியாகிவிடும். ஒரே அளவான இருபது ஆணியை ஒன்றாக நிறுத்து, ஒன்றாகப் போடுங்கள். 78 கிராம், 10 மில்லிலீற்றர், விடை 7.8.

குமிழியா, தெறித்ததா? இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கனவளவு கூடி அடர்த்தி குறையும், சாடியை மெல்லத் தட்டுங்கள். கல்லை மேலிருந்து போட்டு நீர் வெளியே தெறித்தால் கனவளவு குறைந்து அடர்த்தி கூடும். நூலில் கட்டி இறக்குங்கள், அல்லது சாடியைச் சரித்து ஓரமாக வழுக்க விடுங்கள். கண்ணாடிச் சாடியின் அடியும் தப்பும்.

எது முதலில், நிறுத்ததா நனைத்ததா? நனைந்த கல்லை நிறுத்தால் ஒட்டிய நீரும் சேர்ந்து நிறுபடும். உலர்ந்திருக்கும்போதே நிறுத்துவிட வேண்டும். தராசு வெறுமையாக இருக்கும்போது பூச்சியம் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

## குறி: மணலும் செங்கல்லும் பிடி கொடுக்கவில்லை

கல்லடிக் கடற்கரை மணலைக் காயவைத்து 80 கிராம் எடுத்துச் சாடியில் கொட்டினால் 50 அளவில் நிற்கும். அடர்த்தி 1.6. அதே மணலை 50 மில்லிலீற்றர் நீருக்குள் கொட்டிக் கிளறிவிட்டால் நீர் 100க்குப் போகாது, 80ஐ ஒட்டி நின்றுவிடும். கனவளவு 30, அடர்த்தி 2.67. எந்த விடை பிழை? இரண்டும் சரி. முதலாவதில் மணிகளுக்கு இடையிலிருந்த காற்றையும் சேர்த்து அளந்தோம், இரண்டாவதில் மணிகளை மட்டும். லொறி மணல் என்று கேட்டால் முதலாவது வேண்டும், மணல் மணியின் அடர்த்தி என்று கேட்டால் இரண்டாவது. கேள்வியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

செங்கல் துண்டை நீருக்குள் போட்டால் "சுர்" என்று குமிழி வரும், ஏறிய நீர் பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கும். துளைகளுக்குள் நீர் போகிறது. நீருக்குள் போடாமல் சதுரமாக உரசி எடுத்து அடிமட்டத்தால் அளவுங்கள். 6, 5, 3 சென்ரிமீற்றர்த் துண்டு 162 கிராம் என்றால் 1.8. உப்பும் சீனியும் நீரில் கரையும். அவற்றுக்கு நீருக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் ஊற்றினால் சரி.

## குறி: எண்ணெய் நீரில் மிதக்கிறது, கணக்கோ 2 என்கிறது

வெறுஞ்சாடி 62 கிராம். 50 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயோடு 108 கிராம். பிள்ளை 108ஐ 50ஆல் வகுத்து 2.16 எழுதியிருக்கும். சாடியைக் கழித்தால் 46, அடர்த்தி 0.92. சட்டியில் நீர் மேல் எண்ணெய் நிற்பதை நாள்தோறும் காண்கிற பிள்ளை 2.16ஐ எழுதும்போது கை நிற்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கப் பழக்குவதுதான் எங்கள் வேலை.

விடை 0.88, 0.89 என்று சற்றுக் குறைந்து வந்தால் வேறு காரணம். எண்ணெயை முதலில் அளந்து, வெளியே ஊற்றிய பிறகு "வெறுஞ்சாடி" என்று நிறுத்திருப்பார்கள். உள்ளே ஒட்டிய எண்ணெயும் கழிந்து போயிருக்கும். வெறுஞ்சாடியை உலர்ந்தபடி முதலில் நிறுங்கள். மாரிக் குளிரில் போத்தல் எண்ணெய் உறைந்திருந்தால் வெயிலில் வைத்து முழுதாக உருகிய பின்னர் அளவுங்கள். மண்ணெண்ணெயில் செய்வதானால் அடுப்புக்கு அருகே வேண்டாம்.

## குறி: தண்ணீருக்கே 1 வரவில்லை

முதலில் கேளுங்கள்: எந்தத் தண்ணீர்? கிணற்றுத் தண்ணீரா, வாவித் தண்ணீரா, கடல் தண்ணீரா? மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்கிற வாவி. மாரியில் வெள்ளம் வந்தால் உப்புக் குறையும், கோடையில் ஏறும். அங்கிருந்து அள்ளிய நீருக்கு 1.01 வந்தால் பிள்ளை பிழை விடவில்லை.

ஆனால் 100 மில்லிலீற்றரை, ஒரு கிராம் வரை மட்டும் காட்டுகிற தராசில் நிறுத்துவிட்டு "கடல்நீருக்கும் கிணற்று நீருக்கும் வித்தியாசம் இல்லை" என்று எழுதினால் அது அளவு போதாத பிழை. நூறு மில்லிலீற்றரில் வித்தியாசம் இரண்டு மூன்று கிராம்தான். நான் இப்படிச் செய்விப்பேன்: ஒரே அரை லீற்றர்ச் சோடாப் போத்தலை வாய் ததும்பக் கிணற்று நீரால் நிரப்பி, வெளிப்பக்கத்தைத் துடைத்து நிறுக்கிறோம். கொட்டிவிட்டு வாவி நீரால். பிறகு கடல்நீரால். கிணற்றுக்கும் கடலுக்கும் இடையில் 12, 13 கிராம் வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் நிற்கும், வாவி நீர் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஐப்பசியில் ஒரு தடவை, தை வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தடவை செய்தால் இன்னும் நல்லது.

நீருக்குக் கன மீற்றருக்குச் சரியாக 1,000 கிலோகிராம் என்பது 4 பாகை செல்சியசில். எங்கள் ஊர் வெக்கையில், 30 பாகையில், ஏறத்தாழ 996. பள்ளிக்கூடத் தராசில் இது தெரியாது, கவலை வேண்டாம்.

வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் விதைநெல்லை உப்புநீரில் போட்டுப் பிரித்தெடுக்கிற கதையைக் கேட்டுப் பாருங்கள். பச்சை முட்டை மிதக்கிற வரைக்கும் உப்புக் கரைப்பார்கள். முட்டைதான் அங்கே அடர்த்தி மானி. நல்ல நெல் தாழும், பதரும் அரைமணியும் மேலே வரும். சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இதை வகுப்பில் சொன்ன நாளில் நான் பாடம் நடத்தவே தேவைப்படவில்லை.

## குறி: கணக்கெல்லாம் சரி, கதைத்தால் பிழை

இது கொப்பியில் தெரியாது, வாயைத் திறக்க வைத்தால்தான் தெரியும். சவர்க்காரக் கட்டியை இரண்டாக வெட்டிவிட்டு, "இப்ப இதின்ர அடர்த்தி?" என்று கேளுங்கள்.

"பாதி, ரீச்சர்."

விளக்கத் தொடங்காதீர்கள். அளக்கக் கொடுங்கள். முழுக் கட்டி 110 கிராம், 100 கன சென்ரிமீற்றர். பாதி 55 கிராம், 50 கன சென்ரிமீற்றர். இரண்டுக்கும் 1.1. பிறகு கால்வாசித் துண்டையும் கொடுங்கள். மூன்றாவது தடவையும் 1.1 வரும்போது பிள்ளை தானே சிரிக்கும்.

"பாரமானது தாழும், பாரமில்லாதது மிதக்கும்" என்பது அடுத்தது. ஊசி தாழ்கிறது, மரக்குற்றி மிதக்கிறது என்றால் உடனே ஒத்துக்கொள்வார்கள், அடுத்த நிமிடம் மறப்பார்கள். எனக்குக் கைகொடுத்தது உடைந்த பைபர்த் தோணியின் ஒரு துண்டு. நீரில் போட்டதும் அது தாண்டு போனது. "தோணி மிதக்குது, துண்டு தாழுது, ஏன்?" வாவியில் தோணி ஓடுவதை நாளும் காண்கிற பிள்ளைகள் அரைமணி நேரம் தங்களுக்குள் வாதாடினார்கள். பைபர் நீரைவிட அடர்த்தி கூடியது. தோணி என்பதோ பைபரும் அதற்குள் இருக்கிற காற்றும் சேர்ந்தது, மொத்தத் திணிவை மொத்தக் கனவளவால் வகுத்தால் 1ஐ விடக் குறையும். தண்ணீர் உள்ளே புகுந்தால் காற்றிருந்த இடத்தை அது பிடித்துக்கொள்ளும், கணக்கு மாறிவிடும். முடிவில் இதைச் சொன்னவன் வகுப்பில் அதிகம் பேசாத ஒருவன்.

## எப்போது வேறொருவரிடம் போக வேண்டும்

அலகு, வாசிப்பு எல்லாம் சரியாக இருந்தும் 46ஐ 50ஆல் வகுக்கும்போது பிள்ளை திணறினால் அது அடர்த்திக் கோளாறு அல்ல. தசம வகுத்தலில் நிற்கிறது. கணித ஆசிரியரிடம் இரண்டு நாள் விட்டுவிட்டு வாருங்கள். விஞ்ஞானத்தில் வைத்து அழுத்தினால் பிள்ளைக்கு இரண்டு பாடமும் வெறுத்துவிடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பக்கமாகப் பிழைத்தால் தராசைப் பாருங்கள். 100 மில்லிலீற்றர் கிணற்று நீர் 100 கிராமை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் வேறு சாடியில் அளந்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால் அதே பொருளை முத்திரையிட்ட கடைத் தராசில் நிறுத்து ஒப்பிடுங்கள். முதலில் பற்றரியை மாற்றுங்கள், அநேகமாக அதுவே போதும். அதன் பிறகும் பிழைத்தால் தராசு திருத்துபவரிடம்தான். வீட்டில் கழற்ற வேண்டாம்.

பாடம் முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை அம்மாவின் சங்கிலியை அளக்கலாமா என்று கேட்கும். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் கனவளவு அரை மில்லிலீற்றருக்கும் குறைவு, எங்கள் சாடியின் ஒரு கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். நல்ல தங்கத்தையும் கலப்பு என்று சொல்ல வைக்கும், வீட்டில் சண்டை வரும். அதை உரைத்துப் பார்க்கிற பத்தரிடம் விடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு பையனின் கொப்பியில் எல்லா வாசிப்புகளும் 40, 50, 60, 80 என்று பத்துப் பத்தாகவே இருந்தன. ஒரு 37, ஒரு 52 கிடையாது. மூன்று நாள் அவனுக்குப் பிறையுருவைச் சொல்லிக் கொடுத்தேன், மாறவில்லை. நான்காம் நாள் சாடியை அவன் முகத்துக்கு அருகே பிடித்து, "இந்த ரெண்டு இலக்கத்துக்கும் நடுவில எத்தனை கோடு, மனே?" என்று கேட்டேன். "கோடா ரீச்சர்?" என்றான். பெரிய இலக்கங்கள் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தன. அன்றே தாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். இப்போது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறான்.

ஆகவே வாசிப்புகள் எல்லாம் முழுப் பத்துகளாக, அல்லது முழு ஐந்துகளாக வந்தால் மேலே உள்ள எந்தச் சோதனையையும் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அரச ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கோ கண் வைத்தியரிடமோ கூட்டிப் போகச் சொல்லுங்கள். அந்த வாசிப்புகள் எழுதிய பக்கத்தையும் கையோடு கொடுத்து விடுங்கள்.